40 பசங்க, 3 மணி நேரம், மலையடிவாரக் காடு: என்ன செய்ய வைக்கலாம்?

காட்பாடி டீச்சர் (கேள்வி)
வணக்கம். எங்க பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்துப் பசங்க 40 பேர், எல்லாரும் 7ஆம் வகுப்பு. டிசம்பரில் ஒரு காலை வேலூர்ப் புறநகர் மலையடிவாரக் காப்புக்காட்டு ஓரத்துக்குக் கூட்டிட்டுப் போறோம். வனச்சரக அலுவலகத்தில் அனுமதி வாங்கியாச்சு. மகளிர் சுய உதவிக் குழு அக்காக்கள் 10 பேரும் வர்றாங்க. பேச்சு, உறுதிமொழி, விதைப்பந்து வீச்சு, போட்டோ என்று முடிஞ்சிடக் கூடாது. பசங்க தங்கள் கையால் எதையாவது கண்டுபிடிச்சிட்டு வரணும். என்ன வைக்கலாம்?

பாலாற்று மணல்
டீச்சர், ஒரே கேள்வி வைங்க: மலையில் பெய்யும் மழை எங்கே போகுது?

பிளம்பிங் கடையில் 160 மி.மீ. பி.வி.சி. பைப் கழிவுத்துண்டு கிடைக்கும். உள்விட்டம் ஏறக்குறைய 15 செ.மீ. அதை 15 செ.மீ. நீளத்துக்கு அறுத்து, ஒரு விளிம்பை அரம் போட்டுக் கூராக்குங்க. எட்டு பேருக்கு ஒரு பைப், ஐந்து குழு. பைப் மேல் பலகை வெச்சு, சுத்தியலால் 5 செ.மீ. ஆழம் இறக்கணும். உள்பக்க ஓரத்தை விரலால் அழுத்தி மூடணும். பிரிச்சுக் கழுவின பால் கவரை உள்ளே விரிச்சு, அதன்மேல் 450 மில்லி தண்ணி ஊத்தி, கவரை மெல்ல உருவின நொடியிலிருந்து தண்ணி முழுசா மண்ணில் இறங்கும் வரை நேரம் பாருங்க. 450 மில்லி என்பது அந்த வட்டத்தில் 2.5 செ.மீ. மழை. கவர் இல்லாமல் ஊத்தினால் மண் கலங்கி, சேறு துளைகளை அடைச்சிடும், கணக்கு தப்பும்.

முதல் ஊற்று மண்ணை நனைக்க மட்டும். இரண்டாவதுதான் கணக்கு. மரத்தடி இலைச்சருகை ஒதுக்கின மண், மாடு மிதிச்ச தடம், வெறும் சரளை நிலம் என மூன்று இடம். ஒரு குழுவுக்கு 2.7 லிட்டர் ஆகும், 20 லிட்டர் கேன் ஒன்று போதும். பைப்புக்கு வெளியே ஈரம் கசிஞ்சால் அந்த அளவு பொய். ஒரு மீட்டர் தள்ளி மறுபடி இறக்குங்க. மாட்டுத்தடத்தில் 20 நிமிஷம் ஆகியும் இறங்கலைன்னா நிறுத்தி, மிச்ச உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுதச் சொல்லுங்க.

மூன்று எண்ணும் கையில் வந்த பிறகு பாலாற்றைப் பற்றிப் பேசுங்க. மேலே வறண்டு கிடக்கிற அதே மணலுக்கு அடியிலிருந்துதான் நாம் தண்ணி எடுக்கிறோம். அது அங்கே எப்படிப் போய்ச் சேருதுன்னு அப்போ பசங்களே சொல்வாங்க.

எருக்கஞ்செடி
பூச்சிக்கு அரை மணி ஒதுக்குங்க. பாதை ஓரத்து எருக்கே போதும். இலையடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கும்: வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டை, முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு. நடுநரம்பைக் கடிச்சுப் பாலை வடியவிட்டு, அப்புறம் இலையைத் தின்னும். லென்ஸ் வழியா அந்த வடிஞ்ச துளியைக் காட்டுங்க.

ஆனால் இலையைக் கிள்ளவே விடாதீங்க. எருக்கம்பால் கண்ணில் பட்டால் முதலில் வலியே தெரியாது, பிறகு பார்வை மங்கும். பட்டால் உடனே 15 நிமிஷம் நல்ல தண்ணியில் கழுவி, வலி இல்லைன்னாலும் கண் மருத்துவரிடம் போகணும்.

பள்ளியில் கருவேப்பிலைச் செடி இருந்தால் மறுநாளும் தொடரலாம். அதில் வரும் கருவேப்பிலை அழகி வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும், வளர்ந்தால் பச்சை.

துரிஞ்சில்
அக்காக்களைச் சாப்பாட்டுக் கேரியர் தூக்க மட்டும் வெச்சிடாதீங்க. துத்தி, ஆவாரை, உசிலை இதெல்லாம் அவங்களுக்குத் தெரியும். நான்கு மீட்டர் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, சதுரமாத் தரையில் விரிங்க. உள்ளே எத்தனை வகைச் செடின்னு பசங்க எண்ணட்டும், பெயர் தெரியலைன்னா அவங்களே ஒன்று வைக்கட்டும். அப்புறம் குழுவுக்கு இரண்டு அக்கா உட்கார்ந்து ஊர்ப்பெயரும் பயனும் சொல்லணும். பெயரை முதலிலேயே சொல்லிட்டால் பசங்க இலையைப் பார்க்கிறதை விட்டு நோட்டில் எழுத ஆரம்பிச்சிடுவாங்க.

விதைப்பந்து வேண்டாம்னு நீங்க நினைச்சது சரி. அந்த மலைக்கு உரியதா என்று தெரியாத விதையைக் காட்டுக்குள் வீசுவது தப்பு.

காலை 6.30க்கு ஆரம்பிங்க. எல்லாருக்கும் மூடின ஷூ. கல்லையும் சருகையும் கையால் புரட்டக் கூடாது, பாம்பும் தேளும் இருக்கும் இடம்.

காட்பாடி டீச்சர்
ரொம்ப நன்றி. மூன்றையும் வைக்கிறேன். ஒரு சந்தேகம்: மாட்டுத்தடம் கல்லு மாதிரி இறுகியிருக்கு. பைப் இறங்கலைன்னா?

பாலாற்று மணல்
அடிச்சு நொறுக்காதீங்க, மண் விரிசல் விட்டு அது வழியா தண்ணி ஓடிடும். பைப்பை மேலேயே வெச்சு, வெளிவிளிம்பைச் சுற்றிக் குழைச்ச களிமண்ணால் 3 செ.மீ. உயரத்துக்கு அணை கட்டுங்க. தண்ணி கொஞ்சம் பக்கவாட்டில் போகும், நேரம் சற்றுக் குறைவாக் காட்டும். அதனால மற்ற இரண்டு இடத்திலும் இதே முறையில்தான் அளக்கணும்.