மாமர நிழலில் நிலப்பனை வளர்த்து நிலத்தை மூடலாமா?

கோப்பாய் வளவு:
எங்கள் வளவில் நாற்பது வயதைக் கடந்த கறுத்தக்கொழும்பான் மாமரம் ஒன்று நிற்கிறது. அதன் கீழே புல் பிடிப்பதில்லை. சருகைக் கூட்டியதும் வெறுமையாகிவிடும் செம்மண், மாரியில் கரைந்து கிணற்றடிப் பக்கமாக ஓடுகிறது. வெளிநாட்டு அலங்காரச் செடிகளில் எனக்கு விருப்பமில்லை. வன்னிக் காட்டில் மரங்களின் அடியில் மஞ்சள் பூவோடு நிற்கும் நிலப்பனையைக் கண்டிருக்கிறேன். அதை நெருக்கமாக நட்டால் நிலத்தை மூடுமா? எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்பு மிகுந்தது.

வடலி:
மூடும், ஆனால் பொறுமை வேண்டும். நிலப்பனை கொடிபோல ஓடிப் படரும் செடியன்று. அதன் நீண்ட இலை வளைந்து நுனி ஈரமண்ணைத் தொட்டால், அந்த நுனியிலேயே வேரும் சிறு கன்றும் தோன்றும். கூட்டம் அவ்வாறே மெல்லப் பெருகும். கிழங்கை முளை நுனியுடன் இரண்டு அங்குலத் துண்டாக வெட்டியும் நடலாம். ஐப்பசியில் மழை பிடித்தவுடன், மாமரத்தின் மேல்வேர்களை அறுக்காமல், அவற்றுக்கிடையே உள்ள மண்ணில் மட்கிய இலைக்குப்பை கலந்து, அரையடி இடைவெளியில் நடுங்கள். கோடை வறட்சியில் இலைகள் காய்ந்து கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். செடி செத்துவிட்டதென்று எண்ணிக் கிண்டிவிடாதீர்கள். வளர்ச்சிக்காலம் மாரியோடு பொருந்திவருவதால் கிணற்று நீரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

இதற்கு உண்மையான எதிரி விளக்குமாறுதான். நாள்தோறும் முற்றம் கூட்டுவதை ஒழுக்கமாகவே கருதும் ஊர் நம்முடையது. என் தாயாரை இணங்கவைக்க எனக்கு இரண்டு மாரிகள் சென்றன. செடி உறங்கும் மாதங்களில் மண்ணைக் காப்பது அந்தச் சருகே.

மூலிகைப் பாத்தி:
கிழங்கை எங்கிருந்து எடுப்பது என்பதையும் பேச வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்காக நிலப்பனைக் கிழங்கு தோண்டப்படுவதால், அது காட்டில் அருகிவரும் இடங்கள் பல உண்டு. காப்புக்காட்டில் பிடுங்குவது சட்டவிரோதமும்கூட. மூலிகைத் தோட்டம் வைத்திருப்பவரிடம் நான்கைந்து கிழங்குகளைக் கேட்டு வாங்கிப் பெருக்குவதே முறை.

நிழல் ஓரத்தில், சற்று வெயில் விழும் இடத்துக்குக் கொடிவேலி நல்லது. அதன் வெள்ளைப் பூவின் மொட்டுகளை உண்டு வளரும் சிறிய நீல வண்ணத்துப்பூச்சியும் வளவுக்கு வந்து சேரும். எனினும் அதன் வேர்ச்சாறு தோலைக் கொப்புளிக்கச் செய்யும். கர்ப்பிணிகள் உட்கொண்டால் கருச்சிதைவும் ஏற்படலாம். சிறுபிள்ளைகள் மண்ணில் விளையாடும் வீடென்றால் தவிர்த்துவிடுங்கள்.

கோப்பாய் வளவு:
இருவருக்கும் நன்றி. பேரப்பிள்ளைகள் இருப்பதால் கொடிவேலியை விட்டுவிடுகிறேன். இலை மட்டும் தெரியும்போது, பனங்கொட்டை முளைத்துவிட்டதென்று நினைத்து யாரேனும் பிடுங்கிவிட மாட்டார்களா?

வடலி:
என் வீட்டிலேயே அது நடந்தது. மழைக்குப் பின் நிலமட்டத்தில் ஆறு இதழ்களோடு மஞ்சள் பூ விரியும்வரை, சுற்றிலும் நான்கு கற்களை வைத்துவிடுங்கள்.