சி டிரைவ் சிவப்பாகிவிட்டது: இடத்தை யார் விழுங்குகிறார் என்று பார்க்க எந்த இலவச மென்பொருள்?

நூல்கண்டு கேட்டது:
விண்டோஸ் 10 லேப்டாப், 8 ஜிபி ரேம், 128 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவ் மொத்தமே 119 ஜிபி என்று காட்டுகிறது; அதிலும் மிச்சம் 3 ஜிபிதான். ரீசைக்கிள் பின், டவுன்லோட்ஸ் இரண்டும் காலி. எல்லா ஃபோல்டரையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் 90 ஜிபி வருகிறது. மீதி எங்கே? கடைக்கணக்கும் இதே லேப்டாப்பில்தான்.

பெட்டிக்குள்:
119 சரிதான், ஏமாற்று இல்லை. டிஸ்க் செய்பவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1024 × 1024 × 1024 என்று வகுக்கிறது.

பிராப்பர்ட்டீஸ் கணக்கில் மறைந்திருக்கும் ஃபைல்களும், உங்களுக்கு அனுமதியில்லாத ஃபோல்டர்களும் சேராது. அதனால்தான் இடிக்கிறது. எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் விஸ்ட்ரீ மென்பொருளை இறக்கி, ரைட் கிளிக் செய்து, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திறங்கள். அட்மின் உரிமை இருந்தால் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) வைத்திருக்கும் ஃபைல் பட்டியலையே நேரடியாகப் படித்துவிடும். எஸ்எஸ்டியில் சில நொடி வேலை. சாதாரணமாகத் திறந்தால் ஃபோல்டர் ஃபோல்டராக ஊர்ந்து போகும், அனுமதியில்லாத ஃபோல்டர்கள் கணக்கில் விடுபடும் அதே ஓட்டையும் இருக்கும்.

பெரும்பாலும் மாட்டுகிறவை மூன்று. ஹைபர்ஃபில் என்ற ஃபைல், கணினி ஹைபர்னேட்டில் உறங்கும்போது ரேமில் இருப்பதைச் சேமிக்கும் இடம்: ரேமில் சுமார் 40 சதவீதம், உங்களுக்கு 3 ஜிபி சொச்சம். டெலீட் கொடுத்தால் போகாது. அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் ஹைபர்னேட்டை அணைத்தால் தானே மறையும். கூடவே கணினியை வேகமாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும், எஸ்எஸ்டியில் அது பெரிய நஷ்டமில்லை. அடுத்து சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்: ரீஸ்டோர் பாயிண்ட்கள், அதாவது சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவுகள், குடியிருக்கும் இடம். சிஸ்டம் புரொடெக்‌ஷன், கான்ஃபிகர் போய் அளவை 5 சதவீதத்துக்கு இறக்குங்கள். மூன்றாவது விண்டோஸ்.ஓல்டு, அப்கிரேடுக்கு முந்தைய விண்டோஸின் மிச்சம். இதைக் கையால் அழிக்காமல் டிஸ்க் கிளீனப்பில் 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' வழியாக எடுங்கள். அந்தப் பட்டியலில் சில பதிப்புகளில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் நிற்கும், டிக் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரிமம்பார்:
ஒரு திருத்தம். விஸ்ட்ரீ சொந்த உபயோகத்துக்குத்தான் இலவசம். கடைவேலை ஓடும் கணினி என்றால் லைசென்ஸ் வாங்க வேண்டும். அதற்குப் பதில் இதே வேலை செய்யும் வின்டிர்ஸ்டாட் போடுங்கள், திறமூலம், எங்கும் பயன்படுத்தலாம். பழைய 1.1.2 ரொம்ப மெதுவாக ஓடும், 2-ஆம் வரிசைப் பதிப்பை எடுங்கள். இதையும் அட்மினாகவே திறக்க வேண்டும்.

நூல்கண்டு:
நன்றி. ரீஸ்டோர் பாயிண்ட் மட்டும் 11 ஜிபி! விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் 9 ஜிபி, இன்ஸ்டாலர் 5 ஜிபி. இரண்டையும் அழிக்கலாமா? இல்லை, ஏதாவது கிளீனர் போட்டால் அதுவே பார்த்துக்கொள்ளுமா?

பெட்டிக்குள்:
இரண்டிலும் கை வைக்காதீர்கள். வின்எஸ்எக்ஸ்எஸ் என்பது விண்டோஸ் தன் சொந்த ஃபைல்களை வைத்திருக்கும் கிடங்கு. அதில் உள்ளவற்றில் பாதிக்கு மேல் ஹார்ட் லிங்க், அதாவது சிஸ்டம்32-இல் இருக்கும் அதே ஃபைலுக்கு இரண்டாவது பெயர். காட்டும் அளவு முழுக்க நிஜமில்லை. டிஸ்க் கிளீனப்பில் விண்டோஸ் அப்டேட் கிளீனப் டிக் செய்தால் எடுக்கக்கூடியதை அதுவே எடுக்கும். இன்ஸ்டாலர் ஃபோல்டரை அழித்தால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு மென்பொருளை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போது மூலஃபைல் இல்லை என்று மறுக்கும்.

கிளீனர் வேண்டாம் என்பேன். ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் இடம்) துடைத்தால் மிஞ்சிப்போனால் சில எம்பி, உடைந்தால் விண்டோஸே மக்கர். 2017-இல் சிகிளீனர் என்ற கிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே வைரஸ் நுழைந்து, அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறங்கியது. துடைக்க வந்தது இப்படி!

தேடல்ராஜா:
இன்னொன்றும் வைத்துக்கொள்ளுங்கள்: வாய்டுடூல்ஸின் எவ்ரிதிங், ஃபைல் தேடும் மென்பொருள். தேடல் கட்டத்தில் 'size:>500mb' என்று ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்தால் பெரிய ஃபைல் எல்லாம் வரிசையில் நிற்கும். பழைய வீடியோ, மறந்துபோன ஐஎஸ்ஓ (முழு டிஸ்கின் நகல் ஃபைல்) எல்லாம் இப்படித்தான் சிக்கும். பென்டிரைவ் என்டிஎஃப்எஸ் இல்லாமல் எக்ஸ்ஃபேட் முறையில் இருந்தால் தேடலில் தானாகச் சேராது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஃபோல்டர்ஸில் கையால் சேர்க்கணும்.

ஒரே போட்டோ நாலு இடத்தில் இருந்தால், இரட்டை ஃபைல்களைக் கண்டுபிடிக்கும் டூப்குரு போடுங்கள். பெயரை வைத்து ஒப்பிட விடாதீர்கள், கன்டென்ட்ஸ் என்று வையுங்கள். இரண்டு கேமரா வேறு வேறு போட்டோவுக்கு ஒரே எண்ணில் பெயர் வைத்திருக்கலாம். விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் பக்கம் அதை விடவே கூடாது. அங்கே இரட்டையாக இருப்பது வேண்டுமென்றே இருப்பது.

உரிமம்பார்:
எதை இறக்கினாலும் தேடல் முடிவில் மேலே விளம்பரமாக வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். உதாரணமாக, ஃபைல்களைச் சுருக்கும் செவன்-ஜிப்பின் அசல் தளம் டாட் ஆர்க்கில் முடியும், டாட் காம் அதனுடையது இல்லை. விங்கெட் (கமாண்ட் மூலம் மென்பொருள் நிறுவும் விண்டோஸின் சொந்தக் கருவி) இருந்தால் அதன் வழியாகவே போடுங்கள், போலி டவுன்லோட் பட்டன் தொல்லையே இராது.