பட்டுச் சேலையில் கிமோனோ கை: அக்குளில் கிழியுது

கேள்வி: தென்னாப்பிரிக்காவுல டர்பன் நகரத்துல இருக்கேன். அம்மாவோட பழைய பட்டுச் சேலையில உடம்பும் கையும் ஒரே துண்டா வெட்டி ஜாக்கெட் தைச்சேன். கையைத் தூக்கினா அக்குள் கிழியுது. ஏன்?

பதில் 1: இப்படி உடம்போட ஒரே துண்டா வெட்டுற கைக்குப் பேர்தான் கிமோனோ கை, வெட்டு ஐரோப்பாவோடது. ஜப்பானியப் பாரம்பரிய உடையான கிமோனோவுல கை தனி நீள்சதுரம். பெண்கள் உடையில அக்குள் திறந்தே இருக்கும், இழுக்காது. பாரிஸ்ல உடை வடிவமைப்பாளர் போல் புவாரே 1903லயே கிமோனோ சாயல்ல கோட்டு போட்டார். கோட்டு தொளதொளன்னு இருக்கும், தாங்கும். உங்களுது பிடிப்பா இருக்கும்போல.

பதில் 2: அக்குள்ல சாய்சதுரத் துண்டு வைங்க. பக்கம் 9 செ.மீ., தையலுக்கு 1 செ.மீ. கூட, கிராஸா (துணி இழைக்குக் குறுக்குச் சாய்வா) வெட்டணும். முன்னும் பின்னும் கழுத்தைப் பார்த்து 9 செ.மீ. கீறல். கீறுறதுக்கு முன்னாடியே கீறல் முடியிற முனையில 4 செ.மீ. ஆர்கன்ஸா (மெல்லிய விறைப்பான துணி) சதுரம் வச்சு, 1.5 மி.மீ. நீளத் தையல் ஓட்டுங்க. பிரியிறது எப்பவும் அந்த முனைதான்.

பதில் 3: சேலை மடிப்பு விழுந்த இடத்துல பட்டு இத்துப்போயிருக்கும். அதை அக்குளுக்கு வராம தள்ளி வெட்டுங்க.