வால்நட்ல இருக்கிற அந்த 'வால்'

போலந்துல க்ராக்கோவ்ங்கிற ஊர்ல ரெண்டு வருஷம் இருந்தேன். ஸ்டாரி கிளெபாஷ் சந்தையில ஒரு அம்மாகிட்டதான் எப்பவும் காய்கறி வாங்குவேன், ஒரு நாள் வால்நட் மூட்டையில குத்தி வச்சிருந்த அட்டையில 'ஓஜெஹி வ்வோஸ்கியே'ன்னு இருந்துச்சு, அதாவது இத்தாலிக் கொட்டை. இத்தாலில இருந்து வருதாம்மான்னு கேட்டா, இல்ல, எங்க வீட்டு மரத்துல உலுக்கினதுன்னு ஒண்ண உடைச்சு கையில குடுத்தாங்க. போலிஷ்ல இத்தாலி நாட்டுக்கே பேரு வ்வோஹி, இத்தாலிங்கிற சத்தமே அதுல இல்ல. அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சவன் விடியுற வரைக்கும் தூங்கல.

வோல்கேன்னு ஒரு கூட்டம், கெல்ட்ங்கிற பழைய ஐரோப்பிய இனத்துல ஒண்ணு, ஜூலியஸ் சீசர் எழுதினதுலயே வர்றாங்க, ஜெர்மானிய ஜனங்களுக்குப் பக்கத்துல வாழ்ந்தவங்க. அவங்க பேர ஜெர்மானியங்க 'வல்ஹ்'னு ஆக்கி முதல்ல கெல்ட்காரங்க எல்லாருக்கும், அப்புறம் ரோமானியருக்கும் வச்சுட்டாங்க, அதையே ஸ்லாவ் மக்கள் (போலிஷ்காரங்க மாதிரி) வாங்கி லத்தீன்வழி மொழி பேசுறவங்களுக்கு வச்சாங்க, வ்வோஹி, வ்லாஹ்ங்கிற இனப்பேரு, ருமேனியாவோட வலாக்கியாப் பகுதி எல்லாம் அதுல முளைச்சதுதான். நாம கடையில கேக்குற வால்நட்டுக்கும் அதே வேர், அயலார் கொட்டைன்னு அர்த்தம். ஒரு கூட்டத்தோட சொந்தப் பேரு 'அயலான்'னு மாறிப்போனது எனக்கு இன்னும் ஆறல.

மறுமொழி:
நான் கார்டிஃப்ல இருக்கேங்க. வேல்ஸ்ங்கிறதும் அதே வல்ஹ்தான். கடல் தாண்டி வந்து குடியேறின ஆங்கிலோ-சாக்சன்ங்கிற ஜெர்மானியக் கூட்டத்துக்காரங்க, காலங்காலமா அங்கயே இருந்தவங்கள அயலான்னு கூப்பிட்டிருக்காங்க, பழைய ஆங்கிலத்துல அதுக்கு அடிமைன்னும் அர்த்தம் உண்டு. என்கூட வேலை பாக்குற வெல்ஷ் அக்கா, 'அது அவங்க வச்ச பேரு, எங்க நாடு கம்ரி'ன்னு நிறுத்தி சொன்னாங்க. கம்ரின்னா ஒரே மண்ணுக்காரங்கன்னு வேர் அர்த்தம். அதுலருந்து நான் ஊருக்கு போன்ல பேசும்போதும் கம்ரின்னுதான் சொல்றேன்.

மறுமொழி:
புடாபெஸ்ட்ல எனக்கு ஒரு சங்கடம் ஆச்சு. ஹங்கேரியன்ல இத்தாலிக்காரங்க 'ஓலாஸ்', ருமேனியருக்கு பழைய பேரு 'ஓலாஹ்', ரெண்டும் ஸ்லாவ் மொழி வழியா வந்த அதே சொல். புதுசா படிச்ச ஆசையில ஆபீஸ்ல ஒரு ருமேனிய நண்பன்கிட்ட இத சொல்லிட்டேன், அவன் முகமே சுருங்கிப்போச்சு. இப்ப அது வசவுச் சொல்லாம். மத்தியானம் போய் மன்னிப்பு கேட்டேன். எங்க ஜனம் தங்களை ரோம் பேர வச்சுதான் சொல்லிக்கும்டான்னு சொல்லிட்டு காபி வாங்கிக் குடுத்தான்.