மறு: 'சார்புச்சொல்' சரிதானா?

வணக்கம்.

ஒரு தரப்பின் தீர்ப்பை உள்ளேயே வைத்துக்கொண்டு வரும் சொல்லுக்கு (ஆங்கிலத்தில் loaded word) இங்கே முன்வைத்த 'சார்புச்சொல்' எனக்கு உறுத்துகிறது. சார்பெழுத்து படித்து வளர்ந்தவர்கள் அதை இன்னொன்றை அண்டி நிற்கும் சொல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'பாரச்சொல்' பற்றிப் பேசவே வேண்டாம், மூட்டை தூக்குகிற மாதிரி இருக்கிறது.

காசாப் போரையே பார்ப்போம். ஆயுதம் ஏந்திய ஒருவர் குண்டுவீச்சில் இறக்கிறார். அரபுப் பதிவில் அவர் 'ஷஹீத்', அதாவது உயிர்த்தியாகி. இஸ்ரேல் தரப்புப் பதிவில் அவரே 'ஒழிக்கப்பட்ட பயங்கரவாதி'. வெறுமனே 'கொல்லப்பட்டார்' என்று எழுதியவருக்கு இரண்டு பக்கமும் திட்டு. வேதமும் துணைக்கு வரும்: 'அமலேக்கு உனக்குச் செய்ததை நினைத்திரு' என்ற பைபிளின் உபாகம வசனத்தை (அமலேக்கு பழைய இஸ்ரவேலரின் பகை இனம்) இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு 2023 அக்டோபரில் சொன்னார். தென்னாப்பிரிக்கா சர்வதேச நீதிமன்றத்தில் தொடுத்த இனப்படுகொலை வழக்கின் மனுவில் அது ஏறிவிட்டது.

சரி, குற்றம் சொல்லிலா இருக்கிறது? ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா அப்படித்தான் நினைத்தது. தன் ஆபத்தானோர் பட்டியலில் உள்ள யாரையும் 'ஷஹீத்' என்றால் பதிவை நீக்கியது. வேறெந்தத் தனிச்சொல்லையும்விட இதற்காகத்தான் அங்கே அதிகப் பதிவுகள் போயினவாம். அது அளவுமீறிய தடை என்று 2024 மார்ச்சில் அதன் மேற்பார்வை வாரியமே சொன்னது. விபத்தில் இறந்தவரையும் ஷஹீத் என்பதுண்டு. பலருக்கு அது பெயர். வடக்கே பகத் சிங்கும் ஷஹீத்தான்.

அதனால் 'சொல்' வேண்டாம், 'வழக்கு' என்போம். நம் இலக்கணத்தின் தகுதி வழக்கில் (ஒன்றை நேரே சொல்லாமல் தகுந்த வேறு சொல்லால் சொல்வது) ஏற்கெனவே இடக்கரடக்கல் (கூசும் சொல்லை மறைத்துச் சொல்வது), மங்கலம் (அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வது), குழூஉக்குறி (ஒரு குழுவுக்குள் மட்டும் புரியும் சொல்) இருக்கின்றன. செத்தவரை 'இறைவனடி சேர்ந்தார்' என்பது மங்கலம். ஷஹீத் அதற்குப் பக்கத்து வீடு. குழூஉக்குறியும் கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றது வெளியாளுக்குப் புரியக்கூடாது என்பதற்காக. இங்கே புரிந்தே ஆக வேண்டும், அதுவும் எதிராளிக்கு.

என் முன்மொழிவு: 'தரப்புவழக்கு'. 'அணிவழக்கு' என்றும் யோசித்தேன், அணியிலக்கணம் குறுக்கே வந்து நின்றது. 'தரப்புவழக்கி'லும் ஒரு தொல்லை உண்டு. பிரித்து எழுதினால் ஏதோ கோர்ட்டு கேஸ் போலத் தெரிகிறது. சேர்த்தே எழுதினால் தப்புமா? இலக்கணம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.