பில்சனில் சைவம் கிடைக்கும் நல்ல மெக்சிகன் கடை சொல்லுங்களேன்

சிகாகோ நண்பர்களுக்கு வணக்கம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். சனிக்கிழமை மதியம் பில்சன் பக்கம், 18ஆவது தெருவை ஒட்டி, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வந்து சாப்பிடுகிற சின்ன மெக்சிகன் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போக ஆசை. சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த சோளத்தை அரைத்து, அந்த மாவைக் கண்ணெதிரே தட்டிக் கல்லில் போடுகிற இடமாக இருந்தால் நல்லது. அந்தச் சோள ரொட்டி, அதாவது டோர்டியா, சூடாக உப்பி எழும்போது வருகிற வாசனையை அம்மா அனுபவிக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், அம்மா சுத்த சைவம். மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது அந்தச் சமையலில் வழக்கம். சிவப்புச் சாதத்தையும் பல இடங்களில் கோழி வேகவைத்த தண்ணீரில்தான் சமைக்கிறார்கள். "இறைச்சி இல்லையே" என்று சொல்லிவிடுவார்கள், கொழுப்பு கணக்கில் வராது. பீன்ஸை வெறும் எண்ணெயில் வதக்குகிற கடை யாருக்காவது தெரியுமா? நோபாலெஸ் எனப்படும் சப்பாத்திக்கள்ளியை டோர்டியாவில் வைத்து மடித்த டாக்கோ, பூசணிப்பூவும் சீஸும் வைத்துச் சுட்ட கேசடியா இரண்டும் கிடைத்தால் ரொம்ப சந்தோஷம். அப்பாவுக்குப் பிரச்சினை இல்லை, தொட்டுக்கொள்ளும் சல்சா காரமாக இருந்தால் போதும்.

நேரில் போய்ச் சாப்பிட்டவர்கள் கடைப் பெயரையும், என்ன கேட்டு வாங்கலாம் என்பதையும் எழுதுங்கள். அப்புறம், அம்மாவுக்கு முட்டிவலி. வாசலில் படி இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.