கல்யாண மண்டபத்தில் வைத்த பெண்களை இரவில் கைது செய்யலாமா?

பாம்பனில் பாசி எடுக்கும் பெண்கள் அமைதியாகத் தர்ணா இருந்தார்கள். காலையிலேயே வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் கைது என்கிறார்கள். செல்லுமா?

பதில் 1: பெண் போலீஸ் கூட நின்றால் மட்டும் போதாது. பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 43(5)படி, பொழுது சாய்ந்து விடியும்வரை பெண்களைக் கைது செய்யக் கூடாது; விதிவிலக்கான சூழலில்கூட பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை தந்து மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். அந்த உத்தரவைக் கேளுங்கள். ஆனால் இந்த மீறல் ஒன்றே கைதைச் செல்லாததாக்காது என்று 2025-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லிவிட்டது. மீறிய அதிகாரி விளக்கம் தர வேண்டும். எனக்கு இது பெரிய வருத்தம்.

பதில் 2: மண்டபமும் காவல்தான்க்கா. கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கெடுவை வேனில் ஏற்றிய நேரத்திலிருந்து எண்ணச் சொல்லி வாதாடுங்கள். கைதுக் குறிப்பில் இரவு நேரத்தை எழுதிவிடுவார்கள். காலை நேரம் தெரியும் போட்டோக்களை அழிக்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு; சட்ட உதவி போன் எண்: 15100.